ரசமட்டம் இழைத்த நூடுல்ஸ்

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்றுதான் பெயர். தச்சு வேலை. மேஜையோ அலமாரியோ ஜன்னல் சட்டமோ, எதைக் கண்டாலும் அது மட்டமாக இருக்கிறதா என்று பார்க்காமல் மனுஷனால் மூச்சு விட முடியாது. விரல் நீளத்துக்கு ஒரு குட்டி ரசமட்டம் எப்போதும் சட்டைப் பையில் கிடக்கும். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி. இரண்டு கோடுகளுக்கு நடுவில் வந்து நின்றால் மட்டம், ஒதுங்கிப் போனால் கோணல். அடுத்தவர் வீட்டுக்கு விருந்துக்குப் போனாலும் அதை எடுத்து அவர்கள் டிவி ஸ்டாண்டின் மேல் வைத்துப் பார்ப்பார். பார்த்துவிட்டு "ம்ஹூம்" என்று தலையை ஆட்டுவார். அந்த "ம்ஹூம்" பொறுக்காமல் அவரைக் கூப்பிடுவதையே விட்டுவிட்ட வீடுகள் உண்டு.

"சாப்பாடு போட்டவங்க வீட்டுல போயி அளந்து பாத்துட்டு வர்ற ஒரே ஆளு நீங்கதாங்க" என்று வழி நெடுக அவர் பெண்டாட்டி திட்டிக்கொண்டே வருவாள். அவருக்கு அது சுகம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்தத் திட்டுக்காகவே சில வீடுகளில் ரசமட்டத்தை வெளியே எடுத்திருக்கிறார்.

அந்தத் திட்டு நின்று போனதுதான் இந்தக் கதை.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. ஹலோ அக்கா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். யாருக்குப் பேச வேண்டுமானாலும் முதலில் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, "இன்ன நம்பர் வேணும்" என்று காத்துக் கிடந்த காலம் அது. இப்போதிருக்கும் பிள்ளைகளிடம் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ரசமட்டம் அப்போது இளந்தாரி. மரக்கடையில் பலகை வந்துவிட்டதா என்று கேட்க ஒருநாள் போனை எடுத்தார். "லைன் பிஸி. மரம் எங்கயும் ஓடிப் போயிடாது. அப்புறம் கூப்பிடுங்க" என்று ஒரு குரல். அதட்டல்தான். ஆனால் அந்த அதட்டலுக்குள் ஒரு சிரிப்பு ஒளிந்துகொண்டிருந்தது. ஆள் அங்கேயே விழுந்துவிட்டார். அதற்கப்புறம் வாங்கப் போகாத மரத்துக்கெல்லாம் போன் போட்டார். தேக்கு வந்துடுச்சான்னு கேக்கணும், பைன் வந்துடுச்சான்னு கேக்கணும். கடைசியில் அவளே பொறுமை இழந்து, "உங்களுக்கு மரம் வேணுமா, நான் வேணுமா? ஒண்ணு சொல்லித் தொலைங்க, பின்னாடி நாலு பேரு நிக்கறாங்க" என்றாள்.

கல்யாணம் நிச்சயமான அதே சமயத்தில்தான் எக்ஸ்சேஞ்சுக்குப் பின்புறத் தெருவில் தாய்லாந்தக்கா கடை போட்டாள். அவள் தாய்லாந்துக்காரி. புருஷனோடு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். இப்போது நம் பேச்சை நம்மைவிட வேகமாகப் பேசுவாள். ஒடுங்கிய கடை, ஒரு ஜன்னல், ஒரு பெரிய இரும்புச் சட்டி. அந்தச் சட்டியில் அவள் அரிசி நூடுல்ஸ் வதக்குவாள். பாட் தாய் என்று பெயர். புளியின் புளிப்பும் வெல்லத்தின் இனிப்பும் மீன் சாற்றின் உப்பும் ஏறிய நூடுல்ஸ். நடுவில் முட்டை, மேலே முளைப்பயறு, உடைத்த வேர்க்கடலை, ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு. வாசனை எக்ஸ்சேஞ்சு வரைக்கும் போய், ஆபரேட்டர்களைத் தப்பான நம்பருக்கு லைன் கொடுக்க வைத்ததாகப் பேச்சு.

கடைக்கு மேஜைகள் செய்து கொடுத்தது ரசமட்டம்தான். கல்யாண அவசரம். ஜன்னலோர மேஜைக்கு வாங்கிய மரம் இன்னும் சரியாகக் காயவில்லை. உள்ளே ஈரம். அவருக்கே தெரியும். இருந்தும், நாள் நெருங்குகிறதே என்று இழைத்து, பூட்டி, போட்டுவிட்டு வந்துவிட்டார். ஈரத்தோடு வேலை செய்த மரம் சும்மா இருக்குமா? காயக் காயச் சுருங்கி ஒரு கால் முறுக்கிக்கொண்டது.

கல்யாணமான முதல் சனிக்கிழமை. தன் கைவேலையைப் புதுப் பெண்டாட்டிக்குக் காட்ட வேண்டுமே! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கூட்டிப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முழங்கையை மேஜையில் ஊன்றினாள். டக். மேஜை அவள் பக்கம் சாய்ந்தது, எலுமிச்சைத் துண்டு உருண்டு ஓடியது. கையை எடுத்தாள். டக். அவர் பக்கம் சாய்ந்தது.

"இதானா உங்க ரசமட்டம்?"

"தரை சரியில்ல" என்றார் அவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு ஒரு சிரிப்பு சிரித்தாள். கடையே திரும்பிப் பார்த்தது. "தரைய நான் பாத்துக்கறேன், நீங்க மேஜையப் பாருங்க" என்றாள்.

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அந்தக் கடை, அந்த மேஜை. தட்டு வருவதற்கு முன்னால் அவள் முழங்கையால் ஒரு தட்டு தட்டுவாள். டக். "தரை இன்னும் சரியாகலையோ?" என்பாள். "எங்க ஆகுது!" என்பார் அவர். அவ்வளவுதான், மடை திறந்துவிடும். வாரம் முழுக்கச் சேர்த்து வைத்ததெல்லாம் வரும். எக்ஸ்சேஞ்சில் யார் யாரோடு சண்டை, மேலதிகாரியின் புது செருப்பு, பக்கத்து வீட்டு நாய், எல்லாம். வீட்டில் பேச வழி இல்லை. பின்பக்கம் பட்டறை, காலையில் ஆரம்பித்தால் ரம்பம் கத்திக்கொண்டே இருக்கும். அவருக்குக் காதும் அதில்தான் மந்தமானது. அவளுக்கு ஷிப்ட் வேலை. ஆகவே குடும்பம் நடத்தியது அந்த ஆடும் மேஜையில்தான் என்று சொல்ல வேண்டும். மகள் பிறந்து, அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து வேர்க்கடலையை மட்டும் பொறுக்கித் தின்று வளர்ந்ததும் அங்கேதான். எக்ஸ்சேஞ்சை மூடுகிறோம், இனி எல்லாம் தானாகவே ஓடும் என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பிய வாரம், அவள் அந்த மேஜையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே முழங்கையால் டக் என்று தட்டி, "இதையாவது மூடாம விட்டானுங்களே" என்று சிரித்தாள். அந்த முகத்தை ரசமட்டம் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கால் முறுக்கலைச் சரி செய்ய அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மரம் சீவும் இழைப்புளியை இரண்டு இழுப்பு இழுத்தால் தீர்ந்தது. ஒரு தடவை தாய்லாந்தக்கா கேட்டே விட்டாள், "அண்ணே, வர்றவங்க எல்லாம் குறை சொல்றாங்க, அந்த ஒரு மேஜைய மட்டும் பாத்துக் குடுங்களேன்" என்று. ஊரெல்லாம் கோணல் தேடிப் போகும் மனுஷன் தலையைச் சொறிந்தார். "அத மட்டும் தொடாதீங்கக்கா" என்றார். அவள் கெட்டிக்காரி. மேலே எதுவும் கேட்கவில்லை.

சர்க்கரை அவளுக்குப் பல வருஷமாக உண்டு. மாத்திரையில் ஓடிக்கொண்டிருந்தது. போன வருஷம் ஒரு கண்ணில் புகை படிந்த மாதிரி மங்கல். கண் டாக்டர் பார்த்தார், சர்க்கரை டாக்டரிடம் அனுப்பினார். அவர் கண்டிப்பான ஆள். "கண்ணுக்குள்ள கசிவு ஆரம்பிச்சிருக்கு. கொஞ்ச காலத்துக்கு அரிசி, கோதுமை, கம்பு, சோளம், தானியம்னு எதுவுமே வேண்டாம். காய், முட்டை, மீன், கடலை, இதுலயே ஓட்டுங்க. இல்லன்னா கண்ணு போயிடும்" என்றார். சொல்வது சுலபம். சொல்லிவிட்டு மத்தியானம் அவர் என்ன சாப்பிட்டாரோ யார் கண்டது!

அவள் அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அரிசி டப்பாவை மேல் தட்டில் தூக்கி வைத்தாள். பொரியலும் முட்டையுமாகச் சாப்பிட ஆரம்பித்தாள். சனிக்கிழமை வந்தது. ரசமட்டம் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"எங்க?" என்றாள்.

"கடைக்கு."

"போயி என்ன பண்ண? வாசனை புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கவா? நீங்க போயிட்டு வாங்க."

அவர் எங்கே போவார்? சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அடுத்த சனிக்கிழமை சட்டையை எடுக்கவே இல்லை.

அதிலிருந்து அவள் பேச்சு குறைய ஆரம்பித்தது. ஒரேயடியாக நின்றிருந்தால் சண்டை என்று நினைக்கலாம். இது குழாயில் தண்ணீர் குறைகிற மாதிரி குறைந்தது. கேட்டால் "ம்". மறுபடி கேட்டால் "சரிங்க". அவர் வேண்டுமென்றே மரத்தூள் படிந்த காலோடு கூடத்துக்குள் நடந்து பார்த்தார். முன்பு என்றால் கூரை பறந்திருக்கும். அவள் துடைப்பத்தை எடுத்துப் பேசாமல் பெருக்கிவிட்டுப் போனாள். மகள் வேறு ஊரிலிருந்து போன் செய்தாள். "அப்பா, அம்மாவுக்கு என்னாச்சுப்பா? எதைக் கேட்டாலும் ரெண்டு வார்த்தைக்கு மேல வர மாட்டேங்குது. நான் கட் பண்ணுன்னு கெஞ்சற வரைக்கும் பேசற பொம்பளைப்பா அது!" என்றாள்.

"டாக்டர் கண்ணுதான் போகும்னாரும்மா" என்றார் அவர். "வாயும் போகும்னு சொல்லவே இல்ல." பட்டறைக்குப் போய் ரம்ப மெஷினை ஓடவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு அழுதார். அந்தக் குரல் திரும்பி வராவிட்டால் மிச்ச வாழ்க்கையை என்ன செய்வது என்று அவருக்கு விளங்கவில்லை.

மறுநாள் ஒரு கதவுக்குப் பைன் பலகை இழைத்துக்கொண்டிருந்தார். இழைப்புளியின் வாயிலிருந்து நீளமாக ஒரு சுருள் எழுந்து வந்து அவர் கால் மேல் விழுந்தது. வெளிறின நிறம், விரலகலம், காகித கனம். எடுத்துப் பார்த்தார். நூடுல்ஸ் மாதிரியே இருந்தது. மரத்தை இப்படி இழைக்க முடிந்தால் காயை இழைக்க முடியாதா?

இந்த ஆள் அதுவரை அடுப்புப் பக்கம் போனதெல்லாம் ஆடுகிற சமையலறை அலமாரியைச் சரி செய்யத்தான். வெந்நீர் வைக்கச் சொன்னால் பாத்திரம் எது என்று கேட்பார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் விட மாட்டார். புது பிளேடு ஒன்றை எண்ணெய் போகக் கழுவி, பழைய இழைப்புளியைத் தேய்த்துச் சுத்தம் செய்து அதில் மாட்டினார். இழைப்புளியைத் தலைகீழாக்கி, வாய் மேலே பார்க்கும்படி மேடையில் பூட்டினார். காயை அதன் மேல் வைத்துத் தள்ளினால் சுருள் கீழே விழும். அதைக் கத்தியால் நீளவாட்டில் கீறினால் நூடுல்ஸ்.

முதலில் சுரைக்காய். சட்டியில் போட்டதும் தண்ணீராகக் கக்கி, சூப்பாகிப் போய்விட்டது. அடுத்தது முள்ளங்கி. அது தண்ணீரோடு நாற்றத்தையும் சேர்த்துக் கொடுத்தது. பட்டறையின் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வந்து நின்றார். தெருவில் போன தபால்காரர், "என்ன ரசமட்டம், புது வார்னிஷா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். கடைசியாகப் பப்பாளிக்காய் கிடைத்தது. தோலைச் சீவி, இரண்டாகப் பிளந்து, விதையை வழித்துவிட்டு இழைப்புளியில் வைத்தார். ஆகா! நல்ல மரம் போல உறுதி, கசப்பில்லை, நாற்றமில்லை. நீள நீளமாக வந்து விழுந்தது. ஆனால் சட்டியில் போட்டால் அதுவும் கொஞ்சம் தண்ணீர் விட்டது.

ரசமட்டம் தலையில் ஒரு குட்டு வைத்துக்கொண்டார். "ஈரத்தோட வேலை செஞ்சா இப்படித்தான். ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு?" என்று தன்னையே திட்டிக்கொண்டார். மறுநாள் இழைத்த சுருளில் உப்பைத் தூவிப் பிசறி, தண்ணீரைப் பிழிந்து, வெள்ளைத் துணியில் பரப்பி, பட்டறை மேடையில் ஃபேனுக்குக் கீழே காயப் போட்டார். அப்புறம் சட்டியில் போட்டால் சமர்த்தாக இருந்தது.

மீதி இருந்தது சாறு. அதற்குத் தாய்லாந்தக்காவிடம்தான் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை, கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனார். அவள் தலை நரைத்திருந்தாலும் கரண்டி அதே வேகத்தில்தான் ஓடியது. விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதான் இத்தனை நாளா வரலையா? நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சேன்" என்றாள். கண் கலங்கியது. "நூடுல்ஸுக்குப் பதிலா காயா? பண்ணுங்கண்ணே, பண்ணலாம். வெல்லம்தான் தொந்தரவு. வெல்லம் இல்லாம இந்தச் சாறு வெறும் புளிதான். ஒண்ணு செய்யுங்க. சின்ன வெங்காயத்தை அவசரப்படாம, தீயைக் குறைச்சு, பழுப்பாகற வரைக்கும் வதக்குங்க. அதுல ஒரு இனிப்பு எறங்கும். அது போதும்." மீன் சாறு ஒரு குப்பி எடுத்து அவர் கையில் திணித்தாள். புளி எவ்வளவு, எப்போது முட்டை, முளைப்பயறை அடுப்பை அணைத்த பிறகே போட வேண்டும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அவர் திரும்பச் சொல்லிக் காட்டினார்.

கிளம்பும்போது பழக்க தோஷத்தில் ஜன்னலோர மேஜையில் கை ஊன்றினார். ஆடவில்லை. குனிந்து பார்த்தார். காலுக்கு அடியில் மடித்த அட்டை ஒன்று செருகியிருந்தது.

"நீங்கதான் வர்றதில்லையே" என்றாள் அவள், தயங்கித் தயங்கி. "அதான் அட்டையை வெச்சேன். மத்தவங்களுக்கு அது ஆடினா புடிக்கல."

"அதுக்கென்னக்கா, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஆனால் வழியெல்லாம் அந்த அட்டை நெஞ்சில் இடறிக்கொண்டே இருந்தது.

சனிக்கிழமை வந்தது. பப்பாளிக்காயை இழைத்தார், பிழிந்தார், பட்டறையில் காய வைத்தார். வெங்காயத்தைப் பொறுமையாக வதக்கினார். புளியும் மீன் சாறும் சேர்ந்து கொதித்தபோது வீடே அந்தக் கடைத் தெருவாக மணந்தது. அவள் கூடத்திலிருந்து எழுந்து சமையலறை வாசல் வரைக்கும் வந்தாள். பேசவில்லை, ஆனால் வந்தாள்.

தட்டைக் கொண்டு போய் வைத்தார். எலுமிச்சை, வேர்க்கடலை, எல்லாம் அந்தக் கடையில் இருக்கிற மாதிரியே. அவள் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள். இன்னொரு வாய். இந்தத் தடவை கொஞ்சம் அதிகமாக மென்றாள். மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். பிறகு விரலை வாய்க்குக் கொண்டு போய் எதையோ எடுத்து, தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தாள்.

"நல்லா இருக்குங்க" என்றாள். மீதியைச் சாப்பிட்டு முடித்துவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவர் போய்ப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டி ஓரத்தில் கிடந்தது ஒரு மரச்சுருள். பைன். புளிச்சாறில் ஊறி, வதங்கி, முட்டை ஒட்டிக்கொண்டு. பட்டறைத் தரையில் கிடந்ததை ஃபேன் காற்று கிளப்பித் துணி மேல் போட்டிருக்கிறது. அதே நிறம், அதே அகலம். இவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

பழைய ஹலோ அக்காவாக இருந்தால்? அதை விரலில் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெரு முழுக்கப் போயிருப்பாள். "வாங்க, வந்து பாருங்க, எங்க வீட்டுக்காரரு மரத்தை வதக்கிப் போட்டிருக்காரு" என்று ஆயுசு பூராவும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். நாற்காலியைச் சமைக்கச் சொல்லியிருப்பாள், கட்டிலைப் பொரிக்கச் சொல்லியிருப்பாள். இவளோ மரத்தைத் தின்றுவிட்டு "நல்லா இருக்குங்க" என்கிறாள். ரசமட்டம் அந்தச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே நின்றார். அந்த ஒரு "நல்லா இருக்குங்க" அவரை ஒடித்துப் போட்டுவிட்டது.

அந்த வாரம் முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லை. சாறு சரிதான், காய் சரிதான். சுருளை விடுங்கள், அது போகட்டும். பின்னே என்ன குறை? சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தார். அவர் செய்த மேஜைதான். இதற்கு மரத்தை நன்றாகக் காயவிட்டு, அவசரமில்லாமல், இருப்பதிலேயே நல்ல வேலையாகச் செய்திருந்தார். பழக்கத்தில் பையிலிருந்து குட்டி ரசமட்டத்தை எடுத்து மேஜையில் வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. முழங்கையை ஊன்றிப் பார்த்தார். மலை மாதிரி நின்றது மேஜை. குமிழி இம்மியும் அசையவில்லை.

அப்போதுதான் அவருக்கு அந்த அட்டை நினைவுக்கு வந்தது.

"அடப்பாவி" என்றார் வாய்விட்டு. திட்டியது தன்னைத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் படுத்திருந்தாள். ரசமட்டம் கதவைச் சாத்தினார். மேஜையைச் சத்தமில்லாமல் பக்கவாட்டில் கவிழ்த்தார். இழைப்புளியை எடுத்தார். ஒரு காலின் அடியில் வைத்தார், கை நகரவில்லை. கோணல் கோணல் என்று ஊரையே விரட்டிய கை அது. இழைத்து மட்டமாக்கித்தான் அதற்குப் பழக்கம், மட்டமானதைக் கெடுத்துப் பழக்கமில்லை. "மன்னிச்சுக்கோ" என்றார் மேஜையைப் பார்த்து. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு இழுப்பு. இன்னொரு இழுப்பு. நிமிர்த்தி வைத்து ரசமட்டத்தை மேலே வைத்தார். குமிழி நழுவி ஓரத்துக்குப் போனது. அவர் வாழ்க்கையில் முதல் முறையாக அதைப் பார்த்து "ம்ஹூம்" சொல்லவில்லை. தரையில் விழுந்த சுருளைப் பொறுக்கி எடுத்து, மறக்காமல், வீட்டுக்கு வெளியே போட்டார்.

பப்பாளிக்காயை இந்தத் தடவை சமையலறையிலேயே துணி விரித்துக் காய வைத்தார். ஒவ்வொரு இழையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெங்காயம், புளி, மீன் சாறு, முட்டை, கடைசியில் முளைப்பயறு. தட்டைக் கொண்டு போய் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அவளைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார்.

அவள் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழங்கையை ஊன்றினாள்.

டக்.

எலுமிச்சைத் துண்டு உருண்டு ஓடித் தரையில் விழுந்தது. அவள் கையை எடுத்தாள். டக். மேஜை திரும்பி வந்தது. பிறகு, மெதுவாக, மறுபடியும் முழங்கையை வைத்து அழுத்தினாள். டக்.

"என்னங்க."

"ம்."

"மேஜை ஆடுது."

"தரை சரியில்ல" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்தபடியே.

அவள் தட்டைத் தன் பக்கம் இழுக்கும் சத்தம் கேட்டது. போச்சு, இதுவும் போச்சு, ஒரு நல்ல மேஜையும் போச்சு என்று அவருக்கு உயிரே இறங்கிவிட்டது. அப்போது கேட்டது ஒரு மூச்சு இழுப்பு. எக்ஸ்சேஞ்சில் யாரையாவது வாங்கு வாங்கென்று வாங்கப் போகும்போது இழுப்பாளே, அதே மூச்சு.

"தரை சரியில்லையா? யாரு தரைங்க? இத்தனை வருஷமா இந்தத் தரையில நான் நடக்கறேன், பெருக்கறேன், துடைக்கறேன், எனக்குத் தெரியாத தரையா? காத்தால வரைக்கும் கல்லு மாதிரி நின்ன மேஜைங்க இது! எந்தக் காலு? சொல்லுங்க, எந்தக் கால இழைச்சீங்க? முழுக் கிறுக்கா ஆயிட்டீங்களா? போன வாரம் என்னடான்னா பலகையை வதக்கிப் போட்டீங்க, பாவம் மனுஷன் ஆசையாச் செஞ்சிருக்காருன்னு வாயை மூடிக்கிட்டு மென்னேன், பல்லு ஒண்ணு இன்னும் வலிக்குது. இந்த வாரம் மேஜையா? அடுத்த வாரம் என்ன, கதவா? நிலையா? நல்ல மேஜைங்க, வீட்டுல இருந்த ஒரே நல்ல மேஜை..." சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்தினாள். கண்ணில் நீர் கட்டியிருந்தது. மங்கலான அந்தக் கண்ணாலேயே அவரைப் பார்த்தாள். "எனக்காகவா கெடுத்தீங்க?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

அவள் வாயில் ஒரு கவளம் எடுத்து வைத்தாள். மென்றாள். "உப்பு கூடிப் போச்சு. பிழிஞ்சதும் அலசணும், அதுகூடத் தெரியல. வெங்காயம் இன்னும் ரெண்டு போட்டிருக்கணும். ஆனா புளி அந்தக் கடை புளிதான்" என்றாள். "அந்த மேஜை இப்ப எப்படி இருக்கு? ஆடுதா?"

"அட்டை வெச்சுட்டாங்க."

"அட்டையா! யாரைக் கேட்டு வெச்சாங்க? அடுத்த சனிக்கிழமை போறோம். இந்தக் காயை டப்பாவுல போட்டு எடுத்துக்குவோம், அந்தக்கா சட்டியில வதக்கிக் குடுக்கட்டும். மொதல்ல அந்த அட்டையைப் புடுங்கணும். அப்புறம் கேளுங்க, அந்தப் பக்கத்து வீட்டுக்காரரு இருக்காரே, இத்தனை நாளா உங்ககிட்ட சொல்லணும் சொல்லணும்னு..."

மடை திறந்தது. அவர் மந்தமான காதை அவள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர், அவர் மருமகள், தபால்காரர், டாக்டர் கட்டியிருந்த டை, சேர்ந்துபோன எல்லாம் வந்தது. நடுநடுவே அவள் முழங்கை பட்டு மேஜை டக் டக் என்று ஆடிக்கொண்டிருந்தது. தரையில் விழுந்த எலுமிச்சையைக் குனிந்து எடுக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

போன் அடித்தது. மகள். ஒவ்வொரு சனிக்கிழமையும், அம்மாவின் இரண்டு வார்த்தையைக் கேட்கப் பயந்து பயந்து கூப்பிடுகிற மகள். ஹலோ அக்கா இடது கையால் போனை எடுத்துக் காதில் வைத்தாள். வலது கையில் கவளம்.

"லைன் பிஸி. உங்கப்பாவோட பேசிக்கிட்டிருக்கேன். அப்புறம் கூப்பிடு" என்றாள்.

வைத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். ரசமட்டம் எழுந்து போய் சட்டியில் மிச்சம் இருந்ததையும் எடுத்து வந்து அவள் தட்டில் போட்டார்.